இன்னைக்கு யார் வரலை?

ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் நாக்கிலேயே குடியிருக்கும். “டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார். வந்ததும் சொல்றேன்.” டாக்டர் ரவுண்ட்ஸிலும் இருக்கமாட்டார், ஒரு மண்ணிலும் இருக்கமாட்டார். கேன்டீனில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதைப் பொய் என்று சொல்லிப் பாருங்கள், லைன் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “பொய் இல்லீங்க, அது மரியாதை. அந்தப் பக்கம் அழுதுகிட்டு நிக்கிறவங்ககிட்ட ஆள் இல்லன்னு எப்படிச் சொல்றது?” என்பாள்.

வாய்க்கு வாய் “லைன்ல இருங்க, லைன்ல இருங்க” என்று சொல்லியே அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. கல்யாண வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், தலை நரைத்தும் எழுந்திருக்கவில்லை. ஹெட்போன் அழுத்தி அழுத்தி ஒரு காதுக்கு மேல் முடி படிந்தே போய்விட்டது. முகம் தெரியாதவர்களோடு நாள் முழுக்கப் பேச்சு. இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்வதற்குச் சம்பளம். அந்த வாக்கியம் ஒருநாள் காலையில், சொல்லவே கூடாத இடத்தில், சொல்லவே கூடாத ஆளைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வினை அங்கேதான் பிடித்தது.

அந்த ஆள் அவள் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். விடிகிற நேரத்தில், தெருவில் வண்டி குறைவாக இருக்கும்போதே, கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களெல்லாம் இரவு வேலை முடித்தவர்கள். ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் தள்ளுகிறவர்கள், ஓட்டல் லாண்டரியில் துணி துவைப்பவர்கள், பேக்கரிக்காரர், கட்டடம் கட்டடமாகக் காவல் நிற்கிறவர்கள். எல்லாருக்கும் கண் சிவந்து கிடக்கும். ஊர் முழிக்கிறபோது படுக்கப்போகிற கூட்டம். சர்ச் மணி அடிக்கிறபோது அவர்கள் குறட்டைதான் பதில் சொல்லும்.

மாஸ்டருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. முதலில் டீ வாங்கிக் கொடுத்தார். டீயோடு ஒரு வசனம் சொன்னார். வசனத்தோடு ஒரு ஜெபம். பஸ் ஸ்டாப்பில் இடம் போதவில்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி பெரிய ரோட்டுக்குக் கடையை மாற்றியபோது, மாடியில் இருந்த பழைய வகுப்பறையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டார். எழுதுபலகை வைத்த நாற்காலிகள், சுவர் நிறைய ரோட்டுச் சின்னங்கள், மூலையில் வண்டியில்லாத ஒரு ஸ்டியரிங். ‘அபாயகரமான வளைவு’ படத்துக்குக் கீழே சிலுவையை மாட்டினார். “பொருத்தமாத்தான் இருக்கு” என்று பேக்கரிக்காரர் சிரித்தார்.

அந்த வட்டாரத்து ஆயருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதில் தப்பும் இல்லை. யாரோ ஒரு டிரைவிங் மாஸ்டர் தன் எல்லைக்குள் கூட்டம் நடத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்? புகார் பேராயர் வரைக்கும் போனது. பேராயர் கூப்பிட்டுவிட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் போய் அந்த நீளமான வராந்தாவில் உட்கார்ந்தார்கள். அவள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். “ஏங்க, நிறுத்தச் சொல்லிட்டா?” என்றாள். “நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவேன். ஆனா அழுதுகிட்டே நிறுத்துவேன்” என்றார் அவர்.

பேராயர் நிறுத்தச் சொல்லவில்லை. உடனே தலையாட்டவும் இல்லை. சுற்றியிருந்த ஆயர்களையெல்லாம் கேட்டார், புகார் சொன்னவரையே நேரில் அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனவர் ஒரு மணி நேரம் அந்தச் சிவந்த கண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, “இவங்கள்ல ஒருத்தர்கூட என் சபைக்கு வந்ததில்லீங்க ஐயா. எனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல, வெட்கம்தான்” என்று சொன்னாராம். மாதாமாதம் நற்கருணை கொடுக்க அவரே வருவதாகவும் ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் ஆணை வந்தது. எந்த இடத்தில், யார் தலைமையில், எதுவரைக்கும் நடக்கலாம், யார் வந்து மேற்பார்வை பார்ப்பார், தவணை முடிந்ததும் நீட்டிப்பதா நிறுத்துவதா என்று எப்படி முடிவாகும், எல்லாம் அதில் இருந்தது. தலைவர் என்ற இடத்தில் மாஸ்டர் பெயர்.

“இவ்வளவு கட்டுப்பாடு எதுக்குங்க?” என்று அவள் முணுமுணுத்தாள்.

மாஸ்டர் சிரித்தார். “நம்ம கத்துக்குடுக்கிற கார்ல என் பக்கம் ஒரு பிரேக் இருக்கே, அது மாதிரிம்மா. ஸ்டியரிங் ஓட்டுறவன் கையில. ஆனா என் காலடியிலயும் ஒரு பிரேக் உண்டு. அது இருக்கிற தைரியத்துலதானே புதுசா வர்றவன் ரோட்டுக்கே வர்றான்? பேராயர் காலடியில ஒண்ணு இருக்கட்டுமே.”

‘ஹார்ன் அடிக்காதே’ சின்னத்துக்குப் பக்கத்தில் அந்த ஆணையை ஒட்டிவைத்தார்.

இப்படி இருந்த மனுஷன் தன் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். ஒரு ராத்திரிப் பயணம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், அண்ணன் வீட்டுப் பின்வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பிரஷ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. வாய் கொப்பளிக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. போய்ப் பார்த்தபோது தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவரை அங்கேயே, அவர் அப்பா அம்மா பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். “குடும்பக் கல்லறை இருக்கும்போது எதுக்கும்மா அங்க கொண்டுபோறது?” என்றார் அண்ணன். மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. அவர் செருப்பையும் போனையும் பையில் போட்டுக்கொண்டு தனியாக ரயிலேறினாள்.

வந்து இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. கால் தானாக அந்த மாடிக்குத்தான் போனது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினாள். இது சத்தியம். உள்ளே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, “அக்கா! மாஸ்டர் எங்க?” என்றார்.

“அவங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. பார்த்துக்கிட்டு இருக்கார். வந்ததும் சொல்றேன்” என்றாள்.

எக்ஸ்சேஞ்ச் குரல். தடுக்கல் இல்லை, தயக்கம் இல்லை. நாக்கு முந்திக்கொண்டது. அடுத்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் எல்லாரும் “பாவம், அண்ணன்காரர் நல்லாகட்டும்” என்று கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஜெபத்துக்கு நடுவில் எழுந்து நின்று, “அவர் செத்துட்டார்” என்று எப்படிச் சொல்வது?

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது எவனுக்கு வந்திருக்கிறது? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் கெட்டிக்காரியும் இல்லை, புளுகு மட்டும் மாசக்கணக்கில் ஓடியது. அங்கே வருகிறவர்களெல்லாம் பிழைக்க வந்த ஜனங்கள். மாஸ்டரின் ஊரோ உறவோ யாருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

உண்மையைச் சொல்லப்போனால் அவளுக்கு இரண்டு பயம். வாய்விட்டுச் சொல்லக்கூடிய பயம் ஒன்று: ஆணை அவர் பெயரில் இருக்கிறது, அவர் இல்லையென்றால் பேராயர் இதை மூடிவிடுவார், இந்த ஜனங்கள் மறுபடி பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். இன்னொன்று சொல்லமுடியாதது. “மாஸ்டர் எப்ப வருவார்?” என்று யாராவது கேட்கிற வரைக்கும், அந்த ஒரு அறையிலாவது அவர் உயிரோடு இருக்கிறார். அந்தக் கேள்வி நின்றுபோனால் அவருக்கு நிற்க இடமே கிடையாது. அவளுக்கு அந்தக் கேள்வி வேண்டியிருந்தது, சோறு தண்ணி மாதிரி.

மாஸ்டர் தன் போனில் சின்னச் சின்னப் பேச்சாக நிறையப் பதிந்து வைத்திருந்தார், டியூட்டி மாறி வரமுடியாதவர்களுக்கு அனுப்புவதற்காக. அதை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “மாஸ்டர் அனுப்பியிருக்கார்” என்றாள். அனுப்பியவர் என்றைக்கோ பேசியது, இன்றைக்குப் பேசியது போலவே ஒலித்தது. முன்வரிசையில் அவர் உட்காரும் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அதன் எழுதுபலகைமேல் அவள்தான் ஸ்பீக்கரை வைப்பாள்.

அப்புறம் போனுக்குச் செய்தி வர ஆரம்பித்தது. ‘மாஸ்டர், பையனுக்குக் காய்ச்சல், ஜெபிங்க.’ பதில் போடாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று ‘ஜெபிக்கிறேன்’ என்று மட்டும் தட்டினாள். ‘நன்றி மாஸ்டர்’ என்று வந்தது. அடுத்த செய்திக்கு இரண்டு வரி, அதற்கடுத்ததற்கு நாலு வரி. போகப் போக யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் எங்கே நிறுத்துவார், எங்கே கேலி பண்ணுவார், எல்லாம் விரலுக்குத் தெரிந்திருந்தது. படித்துப் பார்த்தால் அவளுக்கே மயிர்க்கூச்செறியும். அவர்தான் பேசுகிறார்.

வீட்டிலும் அப்படித்தான். விடிகாலையில் அரைத்தூக்கத்தில் குளியலறையிலிருந்து பிரஷ் சத்தம் கேட்கும். சரக் சரக் என்று அவர் தேய்க்கிற அதே வேகம். எழுந்துபோனால் யாரும் இல்லை. ஆனால் பேஸ்ட் மூடி திறந்து கிடக்கும். முப்பது வருஷமாக அந்த மூடிக்காக அவரோடு சண்டை போட்டவள் அவள். “மூடி போடத் தெரியாத ஆளு ஊருக்குப் பாடம் எடுக்குது” என்பாள். முதல் நாள் பார்த்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கவனமாக மூடினாள். அடுத்த நாள் திறந்து கிடந்தது. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோதுதான் புரிந்தது. பல் தேய்த்துவிட்டு மூடியைப் போடாமல் நகர்ந்தது அவள் கைதான். அவள் எப்போதிருந்து அப்படிச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பேய் என்று பயந்ததைவிட இது அவளை அதிகமாக நடுங்க வைத்தது.

இந்த நிலையில்தான் புது மேற்பார்வையாளர் வந்தார். முன்னால் மேற்பார்வை பார்த்த, நற்கருணை கொடுக்க வந்துகொண்டிருந்த ஆயர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட, பேராயர் இவரை நியமித்திருந்தார். ஆயர் இல்லை, பல் டாக்டர். மாஸ்டரைப் பார்த்ததே கிடையாது.

அவர் முதல் தடவை வந்த காலையை யாரும் மறக்கமாட்டார்கள். ஸ்பீக்கரில் மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை லைன் அக்கா அதற்கு முன் கேட்டதில்லை. நல்ல சமாரியனைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே வந்த குரல், நடுவில் நின்று, “ஏய், யாரோ கதவத் தட்டுறாங்க பாரு. தொறந்து விடு” என்றது.

கதவில் டக் டக் என்று தட்டுகிற சத்தம்.

வார்டுக்காரர் கையிலிருந்த டீ சிந்தியது. பேக்கரிக்காரர்தான் எழுந்து திறந்தார். வெளியே குடையும் கையுமாக ஒரு நெட்டை மனுஷர். “நான்தான் புதுசா வந்திருக்கிற மேற்பார்வையாளர். உள்ள வரலாமா?” என்றார். “வாங்க வாங்க, மாஸ்டரே தொறக்கச் சொல்லிட்டார்!” என்று பேக்கரிக்காரர் பூரித்துப்போனார். லைன் அக்காவுக்கு மட்டும் தெரியும், அந்தப் பதிவில் கதவைத் தட்டியது யார் என்று. வேலை முடிந்து வந்து, சாவியை மறந்துவிட்டு, வீட்டு வாசலில் நின்றவள் அவள்தான். அவள் வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்ற நினைப்பில் அவளையே திறக்கச் சொல்லியிருக்கிறார். தாழ்ப்பாள் திறக்கிற சத்தமும், “வந்துட்டியா” என்று அவர் கேட்பதும் அடுத்து வரப்போகிறது. ஓடிப்போய் நிறுத்தினாள்.

பல் டாக்டர் வந்தால் எல்லாரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்கள். அவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணமாட்டார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“இன்னைக்கு யார் வரலை?”

“அதென்ன கேள்வி டாக்டர்?” என்று ஒருநாள் யாரோ கேட்டார்கள்.

“பல் போன இடத்துக்குத்தான் நாக்கு போகும்” என்றார் அவர். “ஒருத்தர் வரலைன்னா உங்க மனசு அங்க போகுதான்னு பார்க்கிறேன். போச்சுன்னா இது சபை. இல்லன்னா டீக்கடைதான்.”

ஒவ்வொருவராகச் சொல்வார்கள். காவல்காரருக்கு இரட்டை டியூட்டி. வார்டுக்காரருக்கு முதுகுவலி. மாஸ்டர் பெயரை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்பீக்கரில்தான் வந்துவிட்டாரே. பல் டாக்டர் அந்தக் காலி நாற்காலியைப் பார்ப்பார். பிறகு லைன் அக்காவைப் பார்ப்பார். அவள் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள்.

மாஸ்டர் போன பிறகு வந்து சேர்ந்தவள் லாண்டரிப் பொண்ணு. ஓட்டலில் இரவெல்லாம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள். அப்பன் ஆத்தா கிடையாது. யாரோடும் பேசமாட்டாள். ஆனால் மாஸ்டர் போனுக்கு மட்டும் எழுதுவாள். கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சம்பளத்தையெல்லாம் கறந்துகொண்டிருந்த ஒருவனைப் பற்றி, இனி உயிரோடு இருந்து என்ன என்று நினைத்ததைப் பற்றி, எல்லாம் எழுதினாள். ‘இப்ப முடிவு எடுக்காத. தூங்கி எழுந்து டீ குடி. அப்புறமும் அப்படியே தோணுச்சுன்னா எனக்குச் சொல்லு’ என்று பதில் போனது. அவள் தூங்கி எழுந்தாள். அவனை விட்டாள். இப்போது ஜெபத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பதே அவள்தான்.

ஒருநாள் காலை அவள் லைன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “அக்கா, லீவு போட்டுட்டேன். மாஸ்டர் ஒரு தடவை ஊர் பேரை எழுதியிருந்தார், அதுக்கு டிக்கெட்டும் எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை நம்ம ஜெபம் முடிஞ்சதும் ரயில். மாஸ்டரை நேர்ல பார்த்துக் கால்ல விழுந்துட்டு வந்துடறேன். அட்ரஸ் மட்டும் குடுங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது. கத்தவும் முடியாது. “அங்க வீடு சின்னதும்மா... நோயாளி வேற...” என்று இழுத்தாள். “வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்துடறேன் அக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள் அந்தப் பெண்.

அன்றைக்கு மதியமே எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு அழைப்பு வந்தது. பல் டாக்டர்.

“அக்கா, ஆணையோட தவணை முடியப்போகுது. ஞாயித்துக்கிழமை பேராயரே வர்றார். நீட்டிக்கிறதா, நிறுத்துறதான்னு அங்கயே முடிவு சொல்லிடுவார். மாஸ்டர் இருந்தாகணும்.”

“வந்ததும் சொல்றேன் டாக்டர்.”

“அக்கா, நானும் ஒரு டாக்டர்தான். நான் ரவுண்ட்ஸ்ல இருக்கேன்னு எத்தனை தடவை ஜனங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். “நான் பிடுங்கமாட்டேன். ஆடுற பல்லு தானா விழுந்தா வலி கம்மி. அவ்வளவுதான் சொல்வேன்.”

லைனை வைத்துவிட்டார். அவள் ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். பலகையில் விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, கூப்பிட்டவர்களை அவள் காக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேராயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிவந்தார். எழுதுபலகை வைத்த நாற்காலியில் உடம்பைத் திணித்து உட்கார்ந்தார். சுவரில் இருந்த ரோட்டுச் சின்னங்களைப் பார்த்து, “இதுல எனக்குப் பாதிக்கு மேல அர்த்தம் தெரியாது. அதான் எனக்கு டிரைவர்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லாண்டரிப் பொண்ணு காலடியில் பயணப்பை வைத்திருந்தாள். பையில் மாஸ்டருக்காக வாங்கிய புதுச் சட்டை, மேலே தெரிகிற மாதிரி.

“மாஸ்டர் பேசினது போடுங்கக்கா” என்றார் பேக்கரிக்காரர்.

லைன் அக்கா ஸ்பீக்கர் பக்கத்தில் போனாள். கை பொத்தானில் நின்றது. அழுத்தினால் அவர் பேசுவார். இன்னொரு தடவை எல்லாரும் ஆமென் சொல்வார்கள். அந்தப் பெண் ரயிலேறுவாள். முன்பின் தெரியாத ஊரில் விசாரித்து விசாரித்து ஒரு கதவைத் தட்டுவாள். திறக்கிற அண்ணன் என்ன சொல்வார்? மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிறபோது கார் எப்படி மூக்கு குத்தி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காரில் அவளும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் நெஞ்சு அப்படித்தான் நின்றது. கையை எடுத்தாள்.

“டாக்டர், உங்க கேள்விய இன்னைக்கு முதல்லயே கேட்டுடுங்க” என்றாள்.

பல் டாக்டர் எழுந்தார். மெதுவாகக் கேட்டார். “இன்னைக்கு யார் வரலை?”

“என் வீட்டுக்காரர் வரலை” என்றாள். எக்ஸ்சேஞ்ச் குரல் எங்கோ போய்விட்டது. கரகரப்பாக ஒரு கிழவியின் குரல் வந்தது. “இனிமே வரமாட்டார். ஊருக்குப் போன மறுநாளே செத்துட்டார். நான்தான் அடக்கம் பண்ணிட்டு வந்தேன். இவ்வளவு நாளா வருவார் வருவார்னு சொன்னது பொய். போன்ல எழுதினது நான். அவர் இல்ல.”

யாரும் அழவில்லை. அதுதான் கொடுமை. எல்லாரும் அந்தக் காலி நாற்காலியையே பார்த்தார்கள், அப்போதுதான் ஒருவர் எழுந்துபோனது போல. பேக்கரிக்காரர் வாய் திறந்தபடி இருந்தது, பல் டாக்டர் இருப்பதை மறந்துபோய். பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம். லாண்டரிப் பொண்ணு எழுந்தாள். லைன் அக்காவைப் பார்த்தாள். திட்டியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். பையைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

பேராயர்தான் முதலில் பேசினார். அவர் பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

“ஆணை மாஸ்டருக்குக் கொடுத்தது. அவரோட அது முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் இங்க நடந்ததுக்கு அனுமதி கிடையாது. எனக்குத் தெரியாம நடந்திருக்கு. அது சின்ன விஷயம் இல்லம்மா.”

“தெரியும் ஐயா.”

“எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மூடியிருப்பேன்னு நெனச்சியா?”

“ஆமாங்க ஐயா.”

“மூடியிருக்கமாட்டேன். வேற பேர் எழுதிக் குடுத்திருப்பேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அதுக்கும்தான் பயந்தேன் ஐயா. அவர் பேரை அடிச்சுட்டு வேற பேரு எழுதினா, அவர் செத்துட்டார்னு ஆயிடுமே.”

பேராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. “முடிவு அப்புறம். முதல்ல அந்த மனுஷனுக்கு ஜெபம் பண்ணணும். இத்தனை நாளா அவருக்காக ஒருத்தரும் அழலையே” என்றார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்போது அவள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மாஸ்டர் போன். இறந்தவருக்காகக் கண்ணை மூடிய அறையில், இறந்தவர் போன் உர்ர் என்று உறுமியது. அவள் எடுத்துப் பார்த்தாள். கீழே மாடிப்படியிலிருந்து லாண்டரிப் பொண்ணு எழுதியிருந்தாள்.

‘அண்ணா, அக்கா சொல்றது நிஜமா?’

விரல் தானாக எழுத்துகளுக்கு மேல் போனது. அவர் என்ன சொல்வார் என்று விரலுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு வரி, அந்தப் பெண் அழாமல் இருப்பதற்காக. விரல் அப்படியே நின்றது. அவள் போனை அணைத்து, காலி நாற்காலியின் எழுதுபலகைமேல் வைத்தாள். கதவைப் பார்த்து நடந்தாள்.

“எங்க போறாங்க? ஆணை விஷயமா பேசணுமே” என்று பேராயர் கேட்டது காதில் விழுந்தது.

“வராதவங்களைக் கூப்பிடப் போறாங்க ஐயா” என்றார் பல் டாக்டர். “பேரு எழுதுற எடத்தைக் காலியா வையுங்க. அவங்க திரும்பி மாடிக்கு வரட்டும்.”

படியின் பாதியில், சுவரில் சாய்ந்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். லைன் அக்கா முழங்கால் வலியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

“தூங்கி எழுந்து டீ குடின்னது?”

“நான்தான்.”

“அவன் காசு கேட்டா எங்கிட்ட அனுப்பு, நான் பிரேக் போடறேன்னது?”

“அதுவும் நான்தான்.”

அந்தப் பெண் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒன்றை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘நான் இல்லன்னாலும் அக்கா இருக்கா. அவளை விட்டுடாத.’ “இது?”

லைன் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அதை எழுதிய ஞாபகம் அவளுக்கு இல்லை. எத்தனையோ பதிலை அரைத்தூக்கத்தில் எழுதியிருக்கிறாள், அப்படி ஒன்றாக இருக்கலாம். பேஸ்ட் மூடி மாதிரி.

“தெரியலம்மா” என்றாள். பொய் சொல்ல இனி அவளால் முடியாது.

அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. லைன் அக்காவுக்கும் வந்தது, இத்தனை மாசமாக ஒரு சொட்டு வராத கண்ணில். மேலே பாட்டு தொடங்கினார்கள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் ஆளுக்கொரு சுருதியில் இழுத்தார்கள்.

“டிக்கெட்டை என்ன பண்றது?” என்றாள் அந்தப் பெண், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சட்டை வேற வாங்கிட்டேன்.”

“கிழிச்சுடாத. எனக்கும் ஒண்ணு எடு” என்றாள் லைன் அக்கா. “மண்ணு போட்டதும் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன். அவர் எங்க இருக்கார்னு நான் காட்டறேன், வா.”